இல்லப் பணிப்பெண்கள் உடல்நலக் கேள்விகளை ஏன் இணையத்திடம் கேட்கிறார்கள்? (விவாத இழை)

கரையோரம் எழுதியது:

சிங்கப்பூரில் வேலை செய்யும் தமிழ்ப் பணிப்பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலமும் கைத்தொலைபேசிப் பயன்பாடும் சொல்லிக்கொடுக்கும் சிறு தன்னார்வக் குழு ஒன்றில் இருக்கிறேன். ஊருக்குப் பணம் அனுப்புவது, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிவிட்டதா என்று பார்ப்பது போன்றவற்றைக் கற்றுக்கொள்ளத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். ஆனால் வகுப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு, கைத்தொலைபேசியை என் பக்கம் திருப்பி, "இதில் சொல்வது உண்மையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்கப்படுபவை ஏறக்குறைய அனைத்தும் உடம்பைப் பற்றியவை. இரண்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை, வெள்ளைப்படுகிறது, மார்பில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்படுகிறது, குளியலறையைக் கழுவிய பிறகு மூச்சு இழுக்கிறது, படர்தாமரைக்கு ஊரிலிருந்து வந்த களிம்பைப் பூசப் பூசப் பரவுகிறது, படுத்தால் உறக்கம் வருவதில்லை என்பவை அவர்களின் கேள்விகள். விடை தேடுவதற்கு அவர்களிடம் இருப்பவை யூடியூபில் வரும் கைவைத்தியக் காணொளிகள், ஃபேஸ்புக் குழுக்கள், வாட்ஸ்அப்பில் கைமாறி வரும் குரல்பதிவுகள் ஆகியவையே.

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகெங்கும் 15 வயதுக்கு மேற்பட்ட வீட்டுப் பணியாளர்கள் 7 கோடியே 56 லட்சம் பேர். சிங்கப்பூரில் மட்டும் 2023 இறுதியில் 286,000க்கும் மேற்பட்ட வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்கள் இருந்தனர். முதன்முறையாக இங்கே வேலைக்கு வருபவர் குறைந்தது 8 ஆண்டுகள் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் விவரம் புரியாமல் இணையத்தை நம்புகிறார்கள் என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடலாம்.

நான் புரிந்துகொண்டது வேறு. நோய் என்னவென்று அறிவதற்கு முன்பே, "இதைக் கேட்டால் யார் யாருக்குத் தெரியவரும்?" என்ற கேள்வி அவர்கள் முன் நிற்கிறது. அதற்கு அஞ்சாமல் கேட்கக்கூடிய ஒரே இடம் கையில் இருக்கும் திரைதான். எங்கள் குழு தமிழில் சில உடல்நலக் குரல்பதிவுகளைத் தயாரிக்க எண்ணுகிறது. அவற்றில் என்ன இருக்க வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்பது குறித்து இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தோபாயோ வாசகி எழுதியது:

என் வீட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு பெண் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறார். என் மாமியாரை அவர் பார்த்துக்கொள்ளும் விதத்துக்கு நான் என்றும் கடன்பட்டவள். அவருக்கு உடல்நலமில்லை என்றால் அழைத்துச் செல்ல நான் தயாராக இருக்கிறேன். பணமும் நான்தான் கட்டுகிறேன். அப்படியிருந்தும் காய்ச்சலை மூன்று நாள் மறைத்து, யூடியூபைப் பார்த்துக் கஷாயம் போட்டுக் குடித்திருக்கிறார். நல்ல முதலாளி இருக்கும் வீட்டிலும் பணிப்பெண் ஏன் வாய் திறப்பதில்லை என்பதை யாராவது எனக்கு விளக்க முடியுமா? நான் உண்மையாகவே அறிய விரும்புகிறேன்.

பூங்கொடி எழுதியது:

அக்கா, உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். நான் புதுக்கோட்டைப் பக்கத்தைச் சேர்ந்தவள். இங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தில் வேலை செய்கிறேன். எங்கள் மேடம் நல்லவர்தான். ஆனாலும் பல விஷயங்களை அவரிடம் நான் சொல்வதில்லை.

தமிழ் வீட்டில் வேலை கிடைத்தால் பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் கவலையில்லை என்று சொல்லித்தான் முகவர் என்னை அனுப்பினார். அது உண்மை. ஆனால் மேடம் என்னை அழைத்துச் செல்லும் மருந்தகத்தின் (கிளினிக்கின்) மருத்துவரும் தமிழர். அந்தக் குடும்பத்துக்கு இருபது ஆண்டுகளாகப் பழக்கமானவர். நான் அறைக்குள் போனதும் அவர் மேடத்தைப் பார்த்துத்தான் "என்ன செய்கிறதாம்?" என்று கேட்பார். மேடமே பதில் சொல்வார். வேறு வீட்டில் வேலை செய்யும் பர்மாக்காரப் பெண்ணுக்கு மொழி தெரியாததால் தன் நோயைச் சொல்ல முடிவதில்லை. எனக்கு மொழி தெரியும். அந்த அறையில் இருக்கும் எல்லாருக்கும் அது தெரியும் என்பதால் என்னால் சொல்ல முடிவதில்லை. வெள்ளைப்படுகிறது என்று சொன்னால் அது இரவு உணவுக்கு முன் ஐயாவின் காதுக்கும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் கெட்ட எண்ணத்தில் பேசுவதில்லை. குடும்பத்தில் ஒருத்தி என்று நினைத்துப் பேசுகிறார்கள்.

ஊரில் அக்காவிடம் கேட்கலாமே என்று தோன்றும். மாதவிலக்கு தள்ளிப்போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா அம்மாவிடம் சொல்வாள், அம்மா கவலையில் சித்தியிடம் சொல்வாள், பிறகு அது என் கணவர் வீட்டை எட்டும்போது வேறு கதையாகியிருக்கும்.

ஆகவே இரவு பத்து மணிக்கு மேல் கைத்தொலைபேசியை எடுக்கிறேன். நான் படுப்பது குழந்தைகள் அறையில் என்பதால் காணொளியின் ஒலியை வைக்க முடியாது. வீட்டு வைஃபையில் தேடினால் ஐயாவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில், சொந்தப் பணத்தில் வாங்கிய டேட்டாவைத்தான் பயன்படுத்துகிறேன். தெரியவருமா, வராதா என்பதை எனக்குச் சொல்ல ஆளில்லை. இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுச் சின்னப் பெண் கேலிச்சித்திரம் பார்க்க என் கைத்தொலைபேசியைக் கேட்பாள். நான் முந்தைய இரவில் கர்ப்பப்பையைப் பற்றிப் பார்த்திருந்தால், யூடியூப் அதே போன்ற படங்களை அவள் முன்னால் வரிசையாகக் காட்டும். எங்கள் பெண்களில் பலர் பார்த்ததை அழிக்கத் தெரியாமலேயே தேடுவதை நிறுத்தியிருக்கிறார்கள். ஐயா (கரையோரம்), உங்கள் வகுப்பில் முதலில் அதைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஃபேஸ்புக் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிலிப்பீன்ஸ், இந்தோனேசியப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் குழுவில் ஒருத்தி பெயரை மறைத்துக் கேட்டால் யாரென்று தெரியாது. நாங்கள் மிகச் சிலர். ஒரு கேள்வியை எழுதும் விதத்தை வைத்தே இது இன்ன ஊர்க்காரி, இன்ன அடுக்குமாடி புளோக்கில் வேலை செய்பவள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரவுப்பணித் தாதி எழுதியது:

பூங்கொடி எழுதியதை ஒவ்வொரு தாதியும் மருத்துவரும் படிக்க வேண்டும். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று என்பதாலும், மருத்துவமனைகளில் தமிழ் பேசும் ஊழியர்கள் இருப்பதாலும், தமிழ்ப் பணிப்பெண்களுக்குத் தகவல் எளிதில் கிடைத்துவிடும் என்று நாங்கள் கருதிக்கொண்டிருக்கிறோம்.

தேடிப் பார்த்துவிட்டு வருபவர்களிடம் நான் அடிக்கடி காணும் சிலவற்றைச் சொல்கிறேன். குளியலறையில் மூச்சுத் திணறுவது பெரும்பாலும் வெளுப்பானையும் (பிளீச்) அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தையும் ஒன்றாக ஊற்றுவதால் வருவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியா உள்ள திரவத்தோடு சேர்ந்தாலும் நச்சு வாயு உண்டாகும். உடனே வெளியேறி நல்ல காற்றில் நிற்க வேண்டும். மூச்சுத் திணறல் தணியாவிட்டால் 995க்கு அழைக்க வேண்டும். இதைத் தேடுபவர்களுக்கு ஆஸ்துமாவுக்கான மூலிகைப் பொடிதான் தமிழில் முதலில் வந்து நிற்கிறது.

படர்தாமரைக்கு ஊரிலிருந்து வரும் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். அதனால் மருந்து வேலை செய்கிறது என்று தோன்றும். உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டேயிருக்கும். பூசுவதை நிறுத்தியதும் முன்பைவிட அகலமாகக் கிளம்பும். முதியவர்களைத் தூக்கி இறக்குவதால் வரும் முதுகுவலிக்கு மாதக்கணக்கில் வலிமாத்திரை விழுங்குபவர்கள் இருக்கிறார்கள்; வெறும் வயிற்றில் தொடர்ந்து விழுங்கினால் இரைப்பையில் புண் ஏற்படும், சிறுநீரகமும் கெடும். மாத்திரையை யார் தந்தார் என்று கேட்டால், வாட்ஸ்அப்பில் பார்த்து ஊரிலிருந்து வரவழைத்ததாகச் சொல்வார்கள்.

மாதவிலக்கு தள்ளிப்போவது எப்போதும் கர்ப்பத்தால் அல்ல. எடை குறைந்தாலும், உறக்கம் கெட்டாலும், மனச்சுமை அதிகரித்தாலும் தள்ளிப்போகும். ஆனால் அச்சத்தில் இருப்பவர் அந்த வரி வரை படிப்பதில்லை. சமூக ஊடகத்தில் விற்கப்படும் மிசோபுரோஸ்டால் மாத்திரையை நோக்கிப் போய்விடுகிறார். அது வயிற்றுப்புண்ணுக்காக உருவான மருந்து. மருத்துவர்களும் கருக்கலைப்புக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் வளர்ந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்தால் உயிர் போகும். இரத்தப்போக்கில் பெரிய நாப்கின்கள் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தால், எதையும் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

இதோடு அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டச் செய்தியும் உண்டு. சிங்கப்பூரில் 24 வாரம் வரை கருக்கலைப்புச் சட்டப்படி செல்லும். வேலை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவரும் அதைப் பெறலாம். ஆலோசனை பெற்ற பிறகு 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்தச் சில வரிகளைத் தமிழில் சொல்லும் ஒரு காணொளியைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. தமிழில் கிடைப்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் சிங்கப்பூர் விதி எப்படி இருக்கும்?

நல்லசிவம்69 எழுதியது:

தாதி அம்மையார் சொன்ன ஆபத்துகளைப் படித்த பிறகும், குரல்பதிவு தயாரித்து வாட்ஸ்அப்பில் விடலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. நாற்பது ஆண்டுகள் மருந்துக்கடை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாதி அறிவு முழு அறியாமையைவிடக் கேடு. நீங்கள் நல்லெண்ணத்தோடு அனுப்பும் பதிவைக் கேட்டுவிட்டு, தனக்கு இருப்பது சாதாரண உபாதைதான் என்று ஒரு பெண் முடிவெடுத்து, புற்றுநோயை ஆறு மாதம் வளரவிட்டால் யார் பொறுப்பு? "இணையத்தில் தேடாதீர்கள், மருத்துவரிடம் செல்லுங்கள்" என்ற ஒரே செய்தியை அழுத்தமாகச் சொல்வதுதான் நேர்மையான வழி. சிங்கப்பூரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாய மருத்துவப் பரிசோதனை இருக்கிறதே. அதைவிட நல்ல வாய்ப்பு வேறென்ன வேண்டும்?

கரையோரம் எழுதியது:

நல்லசிவம் ஐயா, உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் அந்தப் பரிசோதனையை நீங்கள் நினைக்கும் வகையில் அந்தப் பெண்கள் பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

ஆறு மாதப் பரிசோதனையில் கர்ப்பமும் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயும் சோதிக்கப்படுகின்றன. எச்ஐவி சோதனை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. முடிவு மனிதவள அமைச்சுக்குப் போகிறது. கர்ப்பம் என்றாலோ எச்ஐவி இருக்கிறது என்றாலோ வேலை அனுமதியை இழந்து ஊர் திரும்ப வேண்டியதுதான். வேலைக்குத் தகுதியானவரா என்று தீர்மானிக்கும் சோதனையை, தன் நலம் விசாரிக்கும் சோதனையாக எந்தப் பெண்ணும் எண்ண மாட்டார். அந்த மருத்துவரிடம் போய் மார்பில் கட்டி இருப்பதைச் சொல்வாரா? கடன் வாங்கி வந்தவர், முதல் சில மாதச் சம்பளம் முகவர் கட்டணத்துக்கே பிடிக்கப்படுபவர், சொல்லத் துணிய மாட்டார்.

அந்தச் சோதனை எந்த அளவுக்குக் கண்மூடியதாக இருக்க முடியும் என்பதற்கு 2016இல் இங்கே நடந்த கொடுமையே சான்று. மியன்மாரிலிருந்து வந்த 24 வயதுப் பணிப்பெண் ஒருவர் முதலாளி வீட்டில் பட்டினி போடப்பட்டு, அடிக்கப்பட்டு, 39 கிலோவாக இருந்தவர் 14 மாதத்தில் 24 கிலோவாகி இறந்தார். அவரை இடையில் மருத்துவரும் பார்த்திருந்தார். அப்போது முதலாளி உடனிருந்தார். அந்த முதலாளிக்கு 2021இல் 30 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் முதல், ஆறு மாதப் பரிசோதனையில் எடையையும் உயரத்தையும் பதிவு செய்ய வேண்டும், சந்தேகத்துக்குரிய காயங்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும் என்று விதி வந்தது. அந்தப் பெண்ணிடம் கைத்தொலைபேசி இல்லை. விடுப்பு நாளும் இல்லை. இணையத்தில் தேடுபவர்களைப் பற்றி நாம் பேசும்போது, தேடவே முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மாதத்தில் ஒரு விடுப்பு நாளையாவது பணமாக ஈடுகட்டாமல் கட்டாயம் கொடுத்தாக வேண்டும் என்ற விதி 2023 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

"மருத்துவரிடம் செல்லுங்கள்" என்ற செய்திக்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முதலாளி வாங்க வேண்டிய மருத்துவக் காப்புறுதியின் குறைந்தபட்சத் தொகை 15,000 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) இருந்தது. 2023 ஜூலை முதல் அது 60,000 வெள்ளி. ஆனால் அது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் ஒருநாள் அறுவை சிகிச்சைக்கும்தான். மருந்தகத்துக்குச் சாதாரணமாகப் போய்வரும் செலவு முதலாளியின் கைப்பணம். வெளிநாட்டு ஊழியர் என்பதால் பலதுறை மருந்தகத்திலும் (பாலிகிளினிக்) அரசாங்க மானியம் கிடையாது. மருத்துவச் செலவு முழுவதும் முதலாளியின் பொறுப்பு என்று வேலை அனுமதி விதிகள் தெளிவாகச் சொல்கின்றன; ஆனாலும் ஒவ்வொரு முறையும் மேடத்தின் கைப்பையைத் திறக்க வைக்கிறோமே என்ற கூச்சம் விதியால் போகிற ஒன்றல்ல. பெரிய நோய்க்குக் காப்புறுதி இருக்கிறது. அந்த நோயைச் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிக்கும் வருகைக்கு இல்லை.

ஆகவே, "தேடாதீர்கள்" என்று சொன்னால் அவர்கள் மருத்துவரிடம் போவார்கள் என்று நான் நம்பவில்லை. தேடுவதை நம்மிடமிருந்தும் மறைப்பார்கள், அவ்வளவுதான்.

ஹட்டனிலிருந்து எழுதியது:

நான் இலங்கை மலையகத்தைச் சேர்ந்தவள். குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து இப்போது எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கிற தங்கைமார் டேட்டாவைப் பற்றிப் பேசுவதை வாசிக்கும்போது ஒரு பக்கம் ஆறுதலாக இருக்கிறது. ஏனென்றால் நான் வேலை செய்த வீட்டில் தொலைபேசி மேடத்தின் அலமாரியில் இருந்தது, வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் கைக்கு வரும். பிள்ளைகளோடு கதைப்பதா, என் வருத்தத்தைப் (நோயைப்) பற்றித் தேடுவதா என்று நான் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. எந்தத் தாயும் பிள்ளைகளைத்தான் தெரிவு செய்வாள்.

வளைகுடாவில் நாங்கள் அதிகம் கேட்ட கேள்வி, "எனக்கு என்ன நோய்?" என்பதல்ல, "எனக்கு என்ன மருந்து தந்திருக்கிறார்கள்?" என்பதே. வைத்தியரிடம் கூட்டிப் போகாமல் வீட்டில் இருக்கிற குளிசையை (மாத்திரையை) மேடம் தருவார். பெட்டியில் அரபு எழுத்து இருக்கும். அதைப் படம் பிடித்து ஐமோவிலோ வாட்ஸ்அப்பிலோ தெரிந்த பெண்களுக்கு அனுப்புவோம். அங்கே பல வருடம் இருந்து அரபு வாசிக்கப் பழகிய ஒரு அக்கா, அது நித்திரைக் குளிசையா, காய்ச்சல் குளிசையா என்று குரலில் சொல்லுவா. அவ தாதியும் இல்லை, வைத்தியரும் இல்லை. அவவை நம்பித்தான் நாங்கள் விழுங்கினோம், அல்லது கழிவுத்தொட்டியில் போட்டோம். குவைத்தில் 2015ஆம் வருடத்து 68ஆம் இலக்கச் சட்டம், வீட்டுப் பணியாளருக்குச் சாப்பாடும் இருப்பிடமும் வைத்தியமும் கொடுப்பது முதலாளியின் கடமை என்று சொல்கிறது. அப்படி ஒரு சட்டம் இருப்பதை நான் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அறிந்தேன். எங்கள் குழுக்களில் யாரும் அதை அனுப்பவில்லை.

பயம் புறப்படுவதற்கு முன்பே தொடங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வளைகுடாவுக்குப் போவதற்கு ஊரில் செய்கிற மருத்துவச் சோதனையில் காசநோய், எச்ஐவி, ஈரல் அழற்சி, கர்ப்பம் எல்லாம் பார்ப்பார்கள். ஒன்று பிழையாக வந்தாலும் பயணம் இல்லை. உடம்பில் குறை தெரிந்தால் பிழைப்புப் போய்விடும் என்ற பாடத்தைத்தான் வைத்தியசாலை எங்களுக்கு முதன்முதலில் கற்றுக் கொடுக்கிறது. பிறகு அதே வைத்தியசாலையிடம் மனம் விட்டுச் சொல்லுங்கள் என்றால் எப்படிச் சொல்லுவது?

கரையோரம் தம்பி, குரல்பதிவு செய்யத்தான் வேண்டும். ஆனால் ஒரு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

நாகூர்க் கரை எழுதியது:

ஹட்டன் சகோதரி சொன்னதோடு இந்தியப் பெண்களைப் பற்றிய ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். குடியேற்றச் சோதனை (புறப்படுமுன் இந்திய அரசு செய்யும் சரிபார்ப்பு) தேவைப்படும் வளைகுடா நாடுகளுக்கு, 30 வயதுக்குக் குறைந்த பெண்கள் வீட்டு வேலைக்குச் செல்ல இந்திய அரசு அனுமதிப்பதில்லை. அதனால் பலரைச் சுற்றுலா விசாவில் அனுப்புகிறார்கள் முகவர்கள். முறைப்படி பதிவு செய்து செல்பவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற 10 லட்சம் ரூபாய்க் காப்பீடு உண்டு. சுற்றுலா விசாவில் சென்றவருக்கு அது இல்லை. மருத்துவமனைக்குப் போனால் அடையாள அட்டை கேட்பார்கள் என்று அஞ்சி, கைத்தொலைபேசியிலேயே வைத்தியம் தேடுபவர்களில் இவர்கள்தான் மிகவும் நிர்க்கதியானவர்கள்.

கவுலூன் தமிழன் எழுதியது:

ஹாங்காங்கில் நிலைமை சற்று வேறு. இங்கே வீட்டுப் பணியாளருக்கும் ஹாங்காங் அடையாள அட்டை உண்டு. பொது மருத்துவமனையில் உள்ளூர்வாசிக்குரிய கட்டணத்திலேயே சிகிச்சை கிடைக்கும். கர்ப்பமான பணியாளரை வேலையிலிருந்து நீக்குவது குற்றம். பேறுகால விடுப்பு 14 வாரம். ஆனால் இவை அனைத்தும் வேலை ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டவை. 2019இல் பிலிப்பீன்ஸைச் சேர்ந்த பணியாளர் ஒருவர் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். விசா முடிந்ததும் மானியக் கட்டணச் சிகிச்சையும் கைவிட்டுப் போனது. அந்தச் செய்தி பணியாளர் குழுக்கள் அனைத்திலும் சுற்றியது. அதைப் படித்த பெண்ணுக்கு நோயைவிட வேலைநீக்கமே முதல் அச்சமாக இருக்கும். சட்டம் நன்றாக இருந்தும் பெண்கள் மறைக்கிறார்கள் என்றால், சிங்கப்பூரில் மறைப்பதில் வியப்பில்லை.

தோபாயோ வாசகி எழுதியது:

பூங்கொடி, நீங்கள் பொறுமையாக எழுதியதற்கு நன்றி. இரண்டு முறை படித்தேன். எங்கள் வீட்டில் இனி, அவர் தனியாக மருந்தகத்துக்குப் போய்வர ஒரு தொகையை முன்கூட்டியே அவர் கையில் கொடுத்துவிடப் போகிறேன். எந்த மருந்தகம், எதற்காக என்று நான் கேட்க மாட்டேன் என்பதையும் சொல்லப் போகிறேன்.

முதலாளிகள் பக்கத்தில் பரவலாக இருக்கும் ஓர் அச்சத்தையும் இங்கே வைக்க விரும்புகிறேன். பணிப்பெண் கர்ப்பமானால், முதலாளி அரசாங்கத்துக்கு அளித்த 5,000 வெள்ளிப் பிணைத்தொகை பறிபோகும் என்று என் உறவினர்களும் தோழிகளும் இன்றும் சொல்கிறார்கள். கைத்தொலைபேசியைச் சோதிப்பதற்கும் விடுப்பு நாளில் எங்கே போனாய் என்று துருவுவதற்கும் அதையே காரணமாகக் காட்டுகிறார்கள். அது உண்மையா?

கரையோரம் எழுதியது:

இல்லை, அம்மா. 2010 முதல் அந்த விதி மாறிவிட்டது. பணிப்பெண் தன் சொந்த அனுமதி நிபந்தனையை மீறிக் கர்ப்பமானால், தெரியவந்ததும் முதலாளி அமைச்சுக்குத் தெரிவித்துவிட்டால் போதும், பிணைத்தொகை பறிக்கப்படாது. இவ்வளவு ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய விதி பேச்சில் உயிரோடிருப்பது, பணிப்பெண்களுக்கு மட்டுமல்லாமல் முதலாளிகளுக்கும் சரியான தகவல் போய்ச் சேரவில்லை என்பதைக் காட்டுகிறது. முதலாளிகளுக்கென்றும் ஒரு பதிவு தேவை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

நல்லசிவம்69 எழுதியது:

காப்புறுதி பற்றிய விவரம் எனக்குப் புதிது. இருந்தாலும் என் கவலை முழுதாக நீங்கவில்லை. பதிவுகளில் எந்த மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லக் கூடாது. எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அந்த வரம்புக்குள் நின்றால், நானும் எழுதிக் கொடுக்கத் தயார்.

பூங்கொடி எழுதியது:

நல்லசிவம் ஐயா சொல்வது சரி. மருந்தின் பெயர் எங்களுக்கு வேண்டாம். அது ஏற்கனவே நிறைய வருகிறது. எங்களுக்கு வேண்டியது வேறு. எங்கே போவது, எவ்வளவு ஆகும், யார் கட்டுவது, மேடத்துக்குத் தெரியுமா, வேலை போகுமா என்று வரிசையாகச் சொல்லுங்கள். இந்த ஐந்தையும் சொன்ன பிறகு நோயைப் பற்றிச் சொன்னால் காது கொடுப்போம்.

என் தோழி ஒருத்திக்கு இடது மார்பில் கட்டி இருக்கிறது. தீபாவளியிலிருந்து மஞ்சளும் ஆமணக்கெண்ணெயும் தடவிக்கொண்டிருக்கிறாள். அப்படிச் செய்தால் கரையும் என்று ஒரு காணொளியில் பார்த்தாளாம். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

இரவுப்பணித் தாதி எழுதியது:

பூங்கொடி, அவருக்காகவே எழுதுகிறேன். இதையே முதல் பதிவாகவும் வைத்துக்கொள்ளலாம். அப்படியே குரலில் படிக்கத்தக்க வகையில் எழுதியிருக்கிறேன்.

"மார்பில் கட்டி தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது. ஆனால் எது என்று கையால் தொட்டோ காணொளியைப் பார்த்தோ யாராலும் சொல்ல முடியாது. மருத்துவர் பார்த்து, ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும். எண்ணெய் தடவிக் கட்டி கரையாது. இந்த வாரமே ஒரு பொது மருத்துவரிடம் போங்கள். மேடத்துக்குத் தெரிந்த மருந்தகமாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் சிகிச்சைச் செலவு முழுவதும் முதலாளியின் பொறுப்பு என்பது சட்டம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் காப்புறுதி இருக்கிறது. உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர் உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் நோயை முதலாளியிடம் சொல்லக் கூடாது. அறைக்குள் தனியாகப் போக வேண்டும் என்று தாதியிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கட்டியின் மேல் தோல் சுருங்கினாலோ, காம்பிலிருந்து இரத்தம் வந்தாலோ, அக்குளில் கட்டி தெரிந்தாலோ விடுப்பு நாள் வரை காத்திருக்க வேண்டாம்."

செலவு முதலாளியின் பொறுப்பு என்றாலும், அதைக் கேட்பதற்கு அவரிடம் ஏதோ ஒரு அளவுக்குச் சொல்லியாக வேண்டும் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. வேலை போகாது என்றும் என்னால் உறுதி கூற முடியாது; அப்படி உறுதி கூறும் எந்தப் பதிவையும் அனுப்பக் கூடாது. முதலாளி பணம் தர மறுத்தாலோ ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டினாலோ, வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹோம் அமைப்பையோ, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 2016இல் தொடங்கிய இல்லப் பணியாளர் நிலையத்தையோ அழைக்கலாம். அந்தத் தொலைபேசி எண்களைப் பதிவின் கடைசியில் மெதுவாக இரண்டு முறை சொல்லுங்கள்.

உங்கள் தோழி நான் இருக்கும் மருத்துவமனைக்கு வர விரும்பினால் தனிச்செய்தியில் எழுதுங்கள். எந்தப் பிரிவு, எந்த நேரம் என்று சொல்கிறேன்.

பூங்கொடி எழுதியது:

அக்கா, இன்றிரவே அவளுக்கு அனுப்புகிறேன். பதிவில் ஒரு சிறு மாற்றம் மட்டும் செய்யுங்கள். "மார்பில் கட்டி" என்று தொடங்க வேண்டாம். ஒலிபெருக்கியில் தவறிப் போட்டுவிட்டால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த முதல் வரி கேட்டுவிடும். "செலவு யார் கட்டுவது என்பதைப் பற்றிய தகவல்" என்று தொடங்கி, சில விநாடி விட்டுப் பிறகு விஷயத்துக்கு வாருங்கள். அடுத்தது வெளுப்பானைப் பற்றிய பதிவாக இருக்கட்டும். அதை மேடம்கள் முன்னாலேயே ஒலிக்க விடலாம்.